பின்னால் தொங்கிய நூறு கிலோ

வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவனை எங்கள் ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. கீழக்கரைத் தெருக்களில் என் வேனை ஓட்டிப் போனால் சிரிப்பும் பின்னாலேயே வரும். "என்ன காக்கா, பெரிய வண்டி நின்னுபோனா சின்ன வண்டியில ஏறித் தப்பிச்சிருவியளா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். "ஆமா, ஒங்களை எல்லாம் விட்டுட்டுத் தப்பிச்சிருவேன்" என்பேன். கேட்டவர்களுக்கு வேடிக்கை. எனக்கு அது பாதி உண்மை.

இருபத்தாறு வருஷம் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டினேன். படுக்கை, அடுப்பு, தொழுகைப் பாய், தண்ணீர் கேன் எல்லாம் கேபினுக்குள்ளேயே. பாலைவனத்தில் எங்கே நிறுத்துகிறேனோ அதுதான் வீடு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் ஊருக்கு வருவேன். ஊரில் எனக்கென்று வீடு கிடையாது. எனக்கு மட்டுமல்ல, எங்கள் ஊரில் எந்த ஆணுக்கும் அநேகமாகக் கிடையாது. எங்களில் கல்யாணமானால் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு அவள் வாப்பா கொடுப்பது. என் மனைவியின் வீடும் அப்படித்தான். நல்ல வீடு, பெரிய வீடு. அதில் நான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் மரியாதைக்குக் குறைவே இருக்காது. முதல் தட்டு எனக்கு. மீனில் நடுத்துண்டு எனக்கு. ஆனால் ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனால்கூட என் மனைவியின் தம்பிதான் இரண்டு தெரு தள்ளியிருந்து வந்து மாற்றுவான். "நீங்க இருங்க மச்சான்" என்பான். அந்த 'இருங்க' எனக்குப் பிடிக்காது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகும் அதே 'இருங்க'. எதைத் தொட்டாலும் இருங்க. ஆறு மாதம் இருந்து பார்த்தேன். பிறகு ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினேன்.

ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, ஒரு ஆள் நிற்கும் அளவுக்குக் கக்கூஸ் எல்லாம் வைத்தேன். பின்னால் இரும்பு சேனலை சேசிஸோடு பற்றவைத்து ஒரு கேரியர். அதன் மேல் என் பைக். லீவில் வரும்போது ஓட்டுவதற்காக எப்போதோ வாங்கிய சின்ன பைக் அது. அந்த வீட்டு வாசலில் நின்ற பொருள்களில் என் பெயரில் இருந்தது அது ஒன்றுதான். வேனைக் கடலோரமாக நிறுத்திவிட்டு, பைக்கை இறக்கி, கடைக்கோ தர்காவுக்கோ நினைத்த இடத்துக்குப் போய்வரலாம் என்பது கணக்கு.

என்னோடு சேர்ந்து வேலை பழகிய எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: பின் ஆக்ஸிலைத் தாண்டிப் பாரம் தொங்கக் கூடாது. அங்கே தொங்கும் நூறு கிலோ நூறு கிலோ அல்ல. முன்பக்கத்தைத் தூக்கும், பின்பக்கத்தை அமுக்கும். அடுத்தவன் வண்டியில் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பேன். என் வண்டியில் நானே மாட்டிக்கொண்டேன்.

என் மனைவி முதலில் வர மறுத்தாள். "வீட்டை விட்டுட்டு வண்டியில போயி சோறாக்கணுமாக்கும்?" என்றாள். பிறகு ஒரு நாள் வேனுக்குள் ஏறிப் பெருக்கிப் பார்த்தாள், பெருக்க எதுவும் இல்லை என்று கண்டாள், வந்தாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். கல்யாணமாகி இருபத்தேழு வருஷமான பெண்ணோடு மொத்தமாகக் கூட்டினால் மூன்று வருஷம் வாழ்ந்திருப்பேனா தெரியாது. வேனில் அவள் விருந்தாளி, நான் வீட்டுக்காரன். அவளுக்கு நான் டீ போட்டுக் கொடுப்பேன். வெட்கப்பட்டுக்கொண்டே குடிப்பாள்.

இரண்டாவது பயணம் தனுஷ்கோடி வரை போய் வந்தோம். திரும்பும்போது பாம்பன் பாலத்தில் காற்று அடித்த அடியில் பின்னால் பைக் ஆடியது. ஆட்டம் ஸ்டியரிங் வரை வந்தது. அவள் கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மறுநாளே பட்டறைக்குப் போய்ப் பைக்கைக் கேரியரோடு பிடிக்க இன்னும் இரண்டு போல்ட்டு போட வைத்தேன், ஆறுக்கும் லாக் நட்டு போட வைத்தேன். பட்டறைக்காரர், "அடிக்கடி கழட்டி கிரீஸ் வைங்க, உப்புக் காத்து பிடிச்சிக்கிரும்" என்றார். சரி என்றேன். அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் வண்டியை எடுக்கவில்லை. நட்டுகளை நான் எட்டியும் பார்க்கவில்லை.

மழை விட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். உச்சிப்புளி தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே கடற்கரைக்கு ஒரு மண் பாதை போகும். பாதை முடிகிற இடத்தில் மணல். அங்கே வேனை நிறுத்தினேன். இன்னும் ஐம்பதடி உள்ளே போனால் ஒரு வரிசை சவுக்கு, அதற்கப்பால் தண்ணீர்.

அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பைக்க இங்கனயே எறக்கி வச்சிட்டுப் போவமே. மணலு இளக்கமாத் தெரியுது."

"மணல்ல எனக்குச் சொல்லித் தாரியா நீ?" என்றேன்.

"சொல்லித் தரல. பின்னாடி கனமா இருக்குமேன்னுதான்."

"இருபத்தாறு வருஷம் நான் என்ன தார் ரோட்டுலயா வண்டி ஓட்டினேன்?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசமாட்டாள். கல்யாணத்தன்று அவளுடைய உம்மா சொல்லிக் கொடுத்தது அது: மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசாதே, யார் முன்னாலும் விட்டுக் கொடுக்காதே. உண்மையைச் சொன்னால் எனக்கு ஆறு நட்டைக் கழற்றச் சோம்பல். துருப்பிடித்திருக்கும் என்று தெரியும். அதை அவள் முன்னால் காட்டிக்கொள்ளவும் மனமில்லை. வண்டியை மணலில் விட்டேன். அழகாகப் போய் நின்றது. அவளைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரித்தேன்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியாப்பத்தைத் தின்றோம். டீ போட்டேன். சரியாகப் பத்து மணி. அடுப்புக்கு மேலே கடிகாரம் மாட்டியிருந்ததால் தெரியும். அவள் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எடுக்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருடைய கையோ என்பது போல. "என்னா?" என்றேன். ஏதோ சொன்னாள். சொல் உருவாகவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் கேம்பில் ஒரு ஆளுக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். உடனே கொண்டுபோக வேண்டும் என்பதும் தெரியும். அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். பின் சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. முன்னால் போட்டேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் மழைத் தண்ணீர் குடித்த மணல். பின் சக்கரம் பாதி புதைந்து, பைக் நிற்கும் கேரியர் தரையில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்றக் கேரியர் மணலில் இறங்கியது.

அப்போதே போனை எடுத்திருக்க வேண்டும். சட்டைப் பையில்தான் இருந்தது. சிக்னலும் இருந்தது. எடுக்கவில்லை. நான் மணலில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து விட்டவனே தவிர, மாட்டிக்கொண்டு ஆள் கூப்பிட்டவனல்ல. ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடலாம் என்று மனதாரவே நம்பினேன். டயர்களில் காற்றைப் பாதி இறக்கினேன். பாலைவனத்தில் எல்லாரும் செய்வது. சக்கரத்துக்கு முன்னால் மணலைக் கையால் வாரினேன். மிதியடி, அடுப்பு மேடைப் பலகை, என் போர்வை எல்லாவற்றையும் சக்கரத்துக்கடியில் கொடுத்தேன். தொழுகைப் பாயை மட்டும் விட்டுவைத்தேன். வண்டி அரையடி நகர்ந்து, கேரியர் தட்டி, மறுபடி உட்கார்ந்தது.

பைக்கை இறக்கினால்தான் ஆகும். ஸ்பேனரை எடுத்தேன். நான்கு நட்டு முக்கி முனகி வந்தன. இரண்டு வரவில்லை. சமையலுக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெயை ஊற்றினேன். சுத்தியலால் தட்டினேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது. "இரு, இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

வேனின் பக்கக் கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு தடவை ஸ்டியரிங்குக்கு ஓடும்போதும் அவளைப் பார்ப்பேன். அவள் கண்ணை மூடவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை இடது கையைத் தூக்கிக் காதருகே வைத்துக் காட்டினாள். போன் பண்ணச் சொல்கிறாள். "இந்தா ஆச்சு" என்றேன். இரண்டாவது தடவையும் காட்டினாள். மூன்றாவது தடவை கை காது வரை வரவில்லை.

நடுவில் போன் தானாகவே அடித்தது. என் மச்சினன். ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளிவாசல் என்று கேட்க வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடுவான். திரையில் அவன் பெயரைப் பார்த்தேன். எடுத்தால் என்ன சொல்வது? மணலில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் அவன் வருவான், ஆள் கூட்டி வருவான், "நீங்க இருங்க மச்சான்" என்பான். கட் பண்ணினேன். அதுதான் நடந்தது. என் மனைவி கட்டிலில் கிடந்தாள், நான் போனைக் கட் பண்ணினேன்.

பதினொன்றரைக்கு ஸ்பேனரைக் கீழே போட்டேன். தோப்புக்கு ஓடினேன். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவரிடம் அழுதேன். அவர் அங்கிருந்தே ஒரு ஆட்டோவுக்குப் போன் போட்டார். பத்தே நிமிஷம். பத்து நிமிஷத்தில் ஆட்டோ பாதை முடியும் இடத்தில் வந்து நின்றது. ஆட்டோக்காரருக்கு என் வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் ஓடிவந்து, அவள் கால்பக்கத்தைத் தூக்கினார். "எவ்வளவு நேரமாச்சுங்க?" என்றார். "பத்து மணிக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.  ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ராமநாதபுரம் வரை ஓட்டினார்.

அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே நேரத்தைத்தான். அவரிடம் பொய் சொல்லவில்லை. பத்து மணி என்றேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றுக்குக் கால் மணி இருந்தது. "ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாதான். இப்ப தாண்டிருச்சு" என்றார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியிருக்க வேண்டாம். கால் மணி நேரம்தான் தாண்டியிருந்தது. மணலில் நான் தொலைத்தது ஒன்றரை மணி நேரம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும் கணக்கு.

மச்சினன் சாயங்காலம் வந்து சேர்ந்தான். அக்காவைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எப்புடி மச்சான் இவ்வளவு லேட்டாச்சு?" என்றான். அவன் குரலில் குற்றம் சாட்டும் தொனிகூட இல்லை.

"விழுந்த ஒடனே போன் போட்டேன். ஆட்டோக்காரன்தான் வரவே இல்ல. லேட் பண்ணிட்டான்" என்றேன்.

"நான் கூப்புட்டப்ப கட் பண்ணினது அதுக்குத்தானா?"

"ஆமா. அவனுக்காகத்தான் ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தேன்."

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று தெரியவில்லை. மச்சினன் அந்த ஆட்டோக்காரரைத் திட்டினான். அவர் விளங்கமாட்டார் என்றான். மணலில் வெறுங்காலோடு ஓடிவந்த மனிதர். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

வேனை டிராக்டர் வைத்து இழுத்து எடுத்தார்கள். அந்த இரண்டு போல்ட்டையும் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்று சொன்னார்கள். வேனையும் பைக்கையும் சேர்த்தே விற்றுவிட்டேன். யார் வாங்கினார்கள், எங்கே ஓடுகிறது, எதுவும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது பக்கம் வரவில்லை. பேச்சு வரவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. டாக்டர் அதைத்தான் நல்ல செய்தி என்று சொன்னார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் வீட்டு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மகன்கள் இருவரும் துபாயில். வேறு யார் செய்வார்கள் என்று வெளியே சொன்னேன். உண்மையில் அவளுக்கு எந்தச் சொல் வருகிறது, எது வரவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்கிற ஆளாக நான் இருக்க வேண்டும். அதற்காகத்தான்.

படம் போட்ட அட்டைகள் ஒரு கட்டு கொடுத்திருந்தார்கள். தண்ணீர், சோறு, சாவி, பூ, பல்லி. காட்டிக் காட்டிச் சொல்ல வேண்டும். மூன்றாவது மாதம் "தண்ணி" வந்தது. வீடே அழுதது, நானும்தான் அழுதேன். பிறகு "சாவி". பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே "உம்மா". ஒவ்வொரு சொல் வரும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் கூட. அந்த அட்டைகளில் வாகனங்களுக்கென்று நான்கு இருந்தன: பஸ், சைக்கிள், ஆட்டோ, மோட்டார் சைக்கிள். அந்த நான்கையும் நான் உருவி என் அலமாரியில் துணிக்கடியில் வைத்தேன். பயிற்சிப் பெண் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். என் மனைவி நான் உருவியதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

சில நாள் அவள் முன்னால் உட்கார்ந்து, திட்டிவிடேன் என்று மனதுக்குள் கெஞ்சியிருக்கிறேன். சொல் இல்லாவிட்டால் என்ன, இடது கையால் ஒரு அறை கொடுக்கலாமே. கொடுக்கவில்லை. சோற்றை ஊட்டினால் வாங்கிக்கொண்டாள். முதல் தட்டை எனக்கு வைக்கச் சொல்லி வேலைக்கார அம்மாளுக்குக் கண்ணைக் காட்டினாள்.

போன மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சினன் வந்தான். அதற்குள் அவளுக்கு இரண்டு மூன்று சொல் சேர்த்துச் சொல்ல வந்திருந்தது. அவனுக்கு அதில் ஏகப்பட்ட உற்சாகம். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இதையும் அதையும் கேட்டுக்கொண்டிருந்தான். மகன்கள் பெயர் என்ன, என்ன கறி ஆக்கினாக என்று. நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"லாத்தா, அன்னைக்கி நடந்தது ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?" என்றான்.

தலையை ஆட்டினாள்.

"அந்த ஆட்டோக்காரன்தானே லேட் பண்ணினது? இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது லாத்தா."

அவள் என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை.  சொல்லிவிடட்டும் என்றும் இருந்தது, யா அல்லாஹ் வாயை அடை என்றும் இருந்தது. பிறகு அவள் தம்பி பக்கம் திரும்பினாள். உதட்டைக் கூட்டி, ஒவ்வொரு எழுத்தாக முயன்று சொன்னாள்.

"ஆட்டோ... லேட்டு."

நான் சொல்லிக்கொடுக்காத சொல். அட்டையை ஒளித்து வைத்த சொல். யார் முன்னாலும் மாப்பிள்ளையை விட்டுக் கொடுக்காத வீடு அது. வாய் பாதி செத்த பிறகும் அவள் விட்டுக் கொடுக்கவில்லை. ஓடிவந்து காலைத் தூக்கிய அந்த மனிதரைப் பழியில் தள்ளி, என்னைக் காப்பாற்றி உட்கார வைத்தாள்.

மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எல்லாம் நஸீபு, அல்லா எழுதினது" என்றான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தான். வாசல் வரை நான் போகக் கிளம்பியபோது, "நீங்க இருங்க மச்சான், லாத்தா பக்கத்துல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் கட்டிலருகே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். வெளியே அவன் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை உதட்டைக் கூட்டவில்லை, முயலவில்லை, எழுத்து எழுத்தாக வரவில்லை. முன்னெல்லாம் பேசுவாளே, அப்படியே முழுசாக வந்தது.

"சொன்னேன்ல."

"சொன்னே" என்றேன். "நான்தான் கேக்கல."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே மச்சினன் வண்டியை உதைத்தான். முதல் உதைக்குக் கிளம்பவில்லை, இரண்டாவது, மூன்றாவது. எழுந்து ஜன்னல் வழியே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், திரும்பி வந்திருப்பான், உண்மையைச் சொல்லியிருக்கலாம். கிளம்பிப் போகும் வரை நான் நாற்காலியிலேயே இருந்தேன்.